பலா மரக்கொப்பு வெட்டவா? முதலில் ஜி.எஸ்ஸிடம் போங்கள்

வீட்டு வளவிலுள்ள பலா, ஈரப்பலா, பெண் பனையில் கை வைக்க வேண்டுமென்றால், நேரே பிரதேச செயலகத்துக்கு ஓடாதீர்கள். உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தரை (ஜி.எஸ்.) முதலில் பாருங்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குச் செயலகம் திம்பிரிகஸ்யாய. ஆனாலும் தொடக்கம் ஜி.எஸ்தான்.

1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த மூன்று மரங்களையும் காக்கிறது. அனுமதி தருபவர் பிரதேச செயலாளர். அவர் பார்ப்பது ஜி.எஸ். மரத்தை நேரில் பார்த்து எழுதும் பரிந்துரையை. அது இல்லாமல் போனால் திரும்பி வரவேண்டியதுதான், அரைநாள் வீண். ஜி.எஸ்ஸிடம் போகும்போது காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டை, அப்புறம் இரண்டு படங்கள்: ஒன்று முழு மரம், மற்றது கூரையையோ மதிலையோ முட்டும் கொப்பு. எந்தக் கொப்பு என்று படத்திலேயே சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். கொப்பு மட்டும் போதும், மரம் நிற்கட்டும் என்று கடிதத்திலும் தெளிவாக எழுதுங்கள். காய்க்கிற மரத்தை அநியாயமாகச் சாய்க்க வேண்டாம்.

தெருவோர மரத்துக்கு இந்த வழி சரிவராது, அதற்கு மாநகர சபை. மின்கம்பியில் உரசும் கொப்பென்றால் நீங்கள் தொடவே கூடாது, உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.