மரப்பலகை மேல் டைல்ஸ் ஒட்டுமுன்

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் கடை மேசைக்கோ மர மேடைக்கோ டைல்ஸ் ஒட்ட நினைப்பவர்கள் முதலில் பலகையைக் கவனியுங்கள். ஈரக்காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். டைல்ஸ் அசையாது. விரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய பெயின்ட், வார்னிஷ், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் மிஞ்சக்கூடாது. 60-ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். மேலே ஏறி அழுத்திப் பாருங்கள். பலகை கொஞ்சம் தொய்ந்தாலும் அடியில் சட்டம் கொடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

புதுப் பலகை என்றால் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், 18 மி.மீ. கனத்துக்குக் குறையாமல். இரண்டு பலகைக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சாதா ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் சரி. வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பிரைமர் அடியுங்கள். பலரும் அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

பலகையின் மேல் சிமென்ட் போர்டு (சிமென்டால் ஆன தட்டைப் பலகை) பதித்துவிட்டால் இன்னும் நல்லது. டைல்ஸ் ஒட்ட சிமென்ட் கலவையே போதும் என்பார் கொத்தனார், கேட்காதீர்கள். மரத்துக்கு ஏற்ற, வளைந்து கொடுக்கும் பாலிமர் பசையைக் கடையில் கேட்டு வாங்குங்கள். சுவரைத் தொடும் ஓரத்தில் கிரவுட்டுக்கு (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) பதில், வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் சீலன்ட்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். மாசிக்கு மேல் பலகை காய்ந்திருக்கும்போது செய்யலாம்.