பூச்சிக் கறை காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்

பெங்களூரிலிருந்து சாயங்காலம் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக மதுரை போய்ச் சேர்வதற்குள் காரின் பம்பரிலும் பானெட்டிலும் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். மழை பெய்து விட்ட நாளென்றால் ஈசலுக்குக் கணக்கே இல்லை.

பூச்சியின் உடல்நீர் வெயிலில் காய்ந்து இறுகினால், பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். அதனால் ஊர் சேர்ந்ததும், முடிந்தால் காபிக்கு முன்னாலேயே, மைக்ரோஃபைபர் துணியை நன்றாக நனைத்துக் கறை மேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பானெட் சூடாக இருந்தால் ஆறட்டும். ஊறியதும் கார் ஷாம்பு தொட்டு மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் நார் மட்டும் வேண்டாம். பூச்சி செய்யாத சேதத்தை அது செய்யும். (நான் ஒருமுறை தேய்த்துவிட்டுப் பாலிஷுக்குத் தண்டம் அழுதேன்.) பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், மெழுகுப் பூச்சை (வாக்ஸ்) கரைத்துவிடும்.

அப்புறம், கிளம்பும் முன் முன்பக்கத்துக்கு மட்டுமாவது கார் வாக்ஸ் பூசிவிடுங்கள். கறை அவ்வளவாக ஒட்டாது.

2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இந்த முறைக்கு அரை வாளித் தண்ணீர் போதும்.