புகைப்பானில் பொறி பறந்தது, நின்ற விதம்

தேனீப் பெட்டியைத் திறக்கும்போது என் புகைப்பான் (தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை விடும் கருவி) இரண்டு விதமாகத் தொல்லை கொடுத்தது. துருத்தியை அமுக்கினால் புகை வரும் மூக்கிலிருந்து பொறி பறக்கும், இல்லையென்றால் பாதி வேலையில் அணைந்துவிடும். இரண்டையும் சரிசெய்தது உள்ளே அடைக்கும் முறைதான்.

அடியில் காய்ந்த சருகைப் பற்றவைத்து, தீ நன்றாகப் பிடித்தபின், துருத்தியை அமுக்கிக்கொண்டே சணல் சாக்குத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறேன். மேலே ஒரு பிடி பச்சைப் புல். அது பொறியைத் தடுக்கும், புகையும் ஆறி வரும். பூச்சிமருந்தோ எண்ணெயோ பட்ட சாக்கு, பிளாஸ்டிக் இழை கலந்த சாக்கு வேண்டவே வேண்டாம். முதல் புகையைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பேன். கை சுட்டால் தேனீயின் இறகும் கருகும்.

பெட்டியின் வாசலில் இரண்டு மூன்று முறை புகை, சற்றுப் பொறுத்து மூடிக்கு அடியில் கொஞ்சம், அவ்வளவு போதும். கொட்டு வாங்கிய இடத்திலும் புகை விடுவேன். அங்கே ஒட்டியிருக்கும் எச்சரிக்கை வாசனை (வாழைப்பழ வாடை அடிக்கும்!) மற்ற தேனீக்களையும் கொட்டத் தூண்டும்.

அப்புறம், புகைப்பானைக் காய்ந்த புல்மேல் வைப்பதில்லை, தகர வாளிக்குள்தான். முடிந்ததும் மூக்கில் பச்சைப் புல்லை அடைத்துவிடுவேன். சாம்பலைக் கொட்டுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது கட்டாயம், ஏனென்றால் கங்கு வெளியே தெரியாமலே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.