பழைய துணி சேர்க்கும் முன் செய்ய வேண்டியவை: தொடர்மாடியில் ஒரு தையல் குழு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிஃப்டில் ஒரு தாள் ஒட்டினோம்: 'பழைய உடுப்புகள் தாருங்கள், பை தைக்கப் போகிறோம்.' மூன்றே நாளில் கீழே காவலாளியின் அறை நிரம்பிவிட்டது. கிழிந்த உள்ளாடை, ஒற்றைக் காலுறை, பூஞ்சணம் பிடித்த மெத்தை விரிப்பு, அப்புறம் எதற்குமே உதவாத நைலக்ஸ் சீலைகள் 30க்கு மேல். காவலாளி ஐயா ஒரு கிழமை வாசலில் கதிரை போட்டு இருந்தார். பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறேன்: துணி சேர்ப்பது மூன்றாவது வேலை. அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

படி 1: ஒரு பொருளை மட்டும் முடிவு செய்யுங்கள்

கால்மிதி, தலையணை உறை, பொம்மை, பை என்று எல்லாவற்றையும் தொடாதீர்கள். கடைக்குக் கொண்டுபோகும் பை ஒன்றே போதும். 2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு துணிப்பை தேடுகிறார்கள். தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முதலில் பேசுங்கள். 20 பை கேட்கிற ஒருவர் கிடைத்தால் தொடங்கலாம்.

படி 2: தைக்கிறவரைக் கண்டுபிடியுங்கள்

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் முன்பு கார்மென்ட்ஸில் வேலை செய்த அக்காமார் இருக்கிறார்கள். வீட்டில் மெசின் இருக்கும், கை வேகம் நம்மால் நினைக்கவே முடியாது. பைக்கு இவ்வளவு என்று முதலே பேசி, கையோடு காசு கொடுங்கள். சமூக சேவை என்று சொல்லி ஓசியில் தைக்கக் கேட்கிற குழுக்கள் இரண்டாம் மாதத்திலேயே கலைந்துவிடும். கலையத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

படி 3: இப்போது சேருங்கள்

தீபாவளியோ சித்திரைப் புத்தாண்டோ முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டே மணித்தியாலம். புது உடுப்பு வந்த வீட்டில்தான் அலுமாரி காலியாகும். பெட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். மேசை போட்டு நீங்களே இருந்து ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். தோய்த்து, வெயிலில் காய்ந்தது மட்டும். "இது ஏலாது அன்ரி, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லப் பழக வேண்டும். எனக்கு அது வர மூன்று தடவை பிடித்தது.

நாம் வேண்டாம் என்றது குப்பைக்குத்தான் போகும், உண்மை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு கொடுப்பதையெல்லாம் வாங்கினால், அதே குப்பை உங்கள் அறையில் ஆறு மாதம் கிடந்துவிட்டுப் போகும்.

படி 4: வகை பிரித்து வையுங்கள்

இன்னும் உடுக்கக் கூடியதை வெட்டாதீர்கள். தேவைப்படுகிறவருக்கு அப்படியே கொடுங்கள். மற்றதில் சேர்ட், சாரம், பெட்சீட் போன்ற நெய்த பருத்தி பைக்கு. டீசேர்ட் இழுபடும், பைக்குச் சரிவராது. மேசை துடைக்கத் துண்டாக்குங்கள்.

பருத்தியா பொலியஸ்டரா என்று குழப்பமா? உள் தையலோரத்திலிருந்து நாலு நூல் உருவி, சாமணத்தால் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரல் பட்டால் உதிரும். பொலியஸ்டர் சுருங்கி உருகி, கறுப்பு மணி மாதிரி இறுகி நிற்கும். இரண்டும் கலந்ததில் மணமும் வரும், மணியும் நிற்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.

படி 5: முழுக்கை சேர்ட்டில் ஒரு பை

எல்லாப் பொத்தானையும் பூட்டி, சேர்ட்டை அயன் பண்ணி விரியுங்கள். ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை நேர்கோடு போட்டு வெட்டுங்கள். கீழ் விளிம்பின் வளைவையும் நேராக்குங்கள். பக்கம் இரண்டும் ஏற்கனவே தைத்தது, பாதி வேலை முடிந்தது.

பொத்தான் பட்டியை மேலிருந்து கீழ்வரை தைத்து மூடுங்கள். பொத்தானைக் கழற்ற வேண்டாம், அதுதான் பைக்கு அழகு. உட்புறம் வெளியே வரத் திருப்பி, அடியில் 1 சென்ரிமீற்றர் விட்டு இரட்டைத் தையல். பிறகு அடி மூலைகளை முக்கோணமாக இழுத்து, 8 சென்ரிமீற்றர் அகலம் வரும் இடத்தில் குறுக்கே தையுங்கள். இதைச் செய்யாவிட்டால் அரிசிப் பக்கற் சாய்ந்து விழும். மேல் வாயை முதலில் 1, அடுத்து 3 சென்ரிமீற்றர் மடித்துத் தைக்கவும்.

சேர்ட்டின் கைகளைப் பிரித்து 10 சென்ரிமீற்றர் அகலம், 55 நீளத்தில் இரண்டு பட்டி. ஓரங்களை நடுவுக்கு மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் நாலு மடிப்புப் பிடி. பிடியின் நுனிகளைப் பை வாயில் வைத்து, சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். ஒரு பிடியின் இரண்டு நுனியும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்! எங்கள் முதல் பையில் ஒரு நுனி முன்னால், மற்றது பின்னால். பை வாயே திறக்கவில்லை.

5 கிலோ அரிசி போட்டுக் கதவுக் கைபிடியில் ஒரு இரவு தொங்கவிடுங்கள். தையல் விட்டால் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

படி 6: நிறுங்கள்

வந்த துணி எத்தனை கிலோ, பையாக மாறியது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய பேப்பர்காரரின் தராசே போதும். எதையும் வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று கூட்டங்களில் பேசுவதெல்லாம் அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது. அம்மம்மா வீட்டில் அது பூச்சியம்: சீலை ஏணையாகும், ஏணை அடுப்படித் துணியாகும், அதுவும் நைந்தால் விளக்குத் திரி. எங்கள் சிறு வெட்டுத் துண்டுகளை இப்போது சாக்கு உறைக்குள் அடைத்து இருக்கை மெத்தையாக்குகிறோம். முதலாவது காவலாளி ஐயாவின் கதிரைக்குப் போனது.