பழவேற்காடு: ஒரு நாளில் ஏரியும் வரலாறும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். பூநாரை பார்க்க விடியற்காலையே சரி. லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் நின்று, வெயில் முதுகில் படும்படி மேற்கே பாருங்கள். கிழக்கே பார்த்தால் கண்கூச்சத்தில் எல்லாப் பறவையும் கருநிழல்தான். 8x42 பைனாகுலர் போதும்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பற்றியும் அவசியம் விசாரியுங்கள். ஏரியின் உயிரே அதில்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்து உப்பு குறையும். கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் வராது, தண்ணீர் வற்றி உப்பு ஏறும், இறால் வரத்து படுத்துவிடும். யார், எந்த நாள், எங்கே வலை கட்டுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ பற்றியும் கேளுங்கள். காலையில் வலை வேலையாக இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வெயில் ஏறியதும் டச்சுக் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள், உள்ளே எழுத்து செதுக்கிய கற்பலகைகள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து தெரியும். இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்த டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று புதர்மேடுதான் மிச்சம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

படகு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் இது. அனுமதியும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லையென்றால் ஏறாதீர்கள்.