கெரிசன் பஞ்சைக் கழுவி, சோதித்து, அடுத்த சத்திரசிகிச்சைக்குத் தயார் செய்வது எப்படி?

தாதியர் பயிற்சி முடித்து, எலும்பு முறிவுத் தியேட்டருக்கு முதன்முதலாக வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு நியமனம் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் கிடைக்கலாம், கல்முனையிலோ அம்பாறையிலோ கிடைக்கலாம். எங்கே போனாலும் தட்டு நிறையக் கனமான, கூரான, பெயர் வாயில் நுழையாத கருவிகள் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அவற்றால் எலும்பை வெட்டுவது சேர்மாரின் வேலை. வெட்டி முடித்த கருவி அடுத்த நோயாளிக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர்வது நம் கையில் இருக்கிறது. கழுவும் தொட்டி ஏதோ கீழ்நிலை வேலைக்கான இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயாளிக்குத் தொற்று வருமா வராதா என்பதில் பாதி அங்கேதான் முடிவாகிறது.

எல்லாக் கருவிகளையும் ஒரே பதிவில் சொல்ல முடியாது. அதனால் கழுவக் கடினமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுக்கும் கெரிசன் பஞ்ச். இதை ஒழுங்காகச் செய்யப் பழகியவருக்கு மற்றவை சுலபம்.

முதலில் தட்டைப் பார்ப்போம்

கருவிகளை அவை செய்யும் வேலையை வைத்துப் பிரித்துக்கொண்டால் பெயர்கள் மனதில் நிற்கும். தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்குவது எலிவேட்டர். முள்ளந்தண்டில் அதிகம் வருவது கொப் எலிவேட்டர். கூன் முதுகின் வளைவை அளக்கும் 'கொப் கோணம்' என்று படித்திருப்பீர்களே, அதே நியூயோர்க் மருத்துவர் ஜோன் கொப்பின் பெயர்தான் இதற்கும். காயத்தை விரித்துப் பிடிப்பது ரிட்ராக்டர். தொடை எலும்பு வேலையில் ஹோமன், முள்ளந்தண்டில் நரம்பு வேரை மெல்ல ஒதுக்க நேர்வ் ரூட் ரிட்ராக்டர். சுரண்டுவது கியூரெட். மென்மையாகப் பிரிப்பது பென்ஃபீல்ட். மொன்றியலில் நரம்பியல் நிறுவனம் அமைத்த வைல்டர் பென்ஃபீல்டின் பெயர் அது. ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்டிருக்கும். சேர் "நாலு" என்று மட்டும் சொல்லிக் கை நீட்டினால், அநேகமாக அவர் கேட்பது நான்காம் இலக்கப் பென்ஃபீல்டை.

ஒஸ்டியோடோமையும் சிசெலையும் புதியவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். நுனியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூராக முடிந்தால் ஒஸ்டியோடோம். ஒரு பக்கம் மட்டும் சரிந்திருந்தால் சிசெல். சுத்தியலால் அடிக்கும்போது ஒஸ்டியோடோம் நேராக இறங்கும். சிசெல் ஒரு பக்கமாகத் திரும்பும். மாற்றிக் கொடுத்தால் வெட்டு நினைத்த இடத்தில் போகாது.

எலும்பைக் கடித்தெடுப்பவை நிப்ளர் வகை. இரட்டை மூட்டு வைத்த பெரிய லெக்செல் நிப்ளர் பருமனான எலும்பைக் கடிக்கும். கதிர்வீச்சால் மூளைக்குச் சிகிச்சை செய்யும் 'காமா கத்தி' இயந்திரத்தைக் கண்டுபிடித்த சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல்தான் அவர். நரம்புக்குப் பக்கத்தில், சின்ன இடத்தில் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வருவது நம் கெரிசன்.

கெரிசன் எப்படி வேலை செய்கிறது

கையில் எடுத்துப் பிடியை மெல்ல அழுத்துங்கள். இரண்டு தண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும். கீழ்த்தண்டு அசையாது, அதன் நுனி மேல்நோக்கி மடிந்து சின்னப் பாதம் போல நிற்கும். மேல்தண்டு தண்டவாளத்தில் ஓடுவது போல முன்னே வழுக்கிப் போய் அந்தப் பாதத்தில் மோதும். நடுவில் அகப்பட்ட எலும்பு வெட்டுப்படும். கையை விட்டால் ஸ்பிரிங் மேல்தண்டைப் பின்னே இழுக்கும்.

கடிக்கும் அகலம் பொதுவாக 1 முதல் 5 அல்லது 6 மில்லிமீட்டர் வரை. நுனி 90 பாகையில் நிமிர்ந்தும் இருக்கும், 40 பாகையில் சாய்ந்தும் இருக்கும். "ரெண்டு மில்லி அப்" என்று கேட்டால் 2 மில்லிமீட்டர், மேல்நோக்கிக் கடிப்பது என்று அர்த்தம்.

முள்ளந்தண்டு எலும்பின் பின்தட்டை எடுக்கும் லமினெக்டமி சத்திரசிகிச்சையில் அந்தப் பாதம் எங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். முள்ளந்தண்டு எலும்பின் பின்தட்டுக்கு அடியில், டியூரா என்ற சவ்வுக்கு மேலே. டியூராவுக்குள் முண்ணாண் இருக்கிறது, அல்லது கீழே போகும் நரம்பு வேர்கள் இருக்கின்றன. கருவி கூராக இருந்தால் எலும்பு சுத்தமாக வெட்டுப்பட்டு வரும். மழுங்கியிருந்தால் அது வெட்டாது, கடித்துப் பிடிக்கும். சேர் இழுக்க வேண்டிவரும். இழுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் டியூராவும் சேர்ந்து கிழியலாம், முண்ணாண் திரவம் கசியலாம். கீழே நான் சொல்லப்போகும் அட்டைச் சோதனையை ஒருநாளும் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

படி 1: வேலை நடக்கும்போதே தொடங்குங்கள்

ஒவ்வொரு கடிக்கும் பிறகு எலும்புத் துணுக்கு நுனியில் நிற்கும். ஸ்க்ரப் பண்ணுபவர் ஈரமான கோஸால் அதை உடனே எடுத்துவிட வேண்டும். கோஸை நனைக்க ஸ்டெரைல் தண்ணீர், அதாவது கிருமி நீக்கிய தண்ணீர் பாவியுங்கள், சேலைன் என்ற உப்புக் கரைசல் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஒக்சைட் படலம். சேலைனில் உள்ள குளோரைட் அந்தப் படலத்தை உடைத்து உலோகத்தில் ஊசிமுனைப் பள்ளங்களைத் தோண்டும். காயத்தைக் கழுவ சேலைன் நல்லது, கருவியை ஊறவைக்க அது ஆகாது. இரத்தம் தோய்ந்த கருவிகளைச் சேலைன் கிண்ணத்துக்குள் போட்டுவைக்கும் பழக்கத்தை எங்கே கண்டாலும் பணிவாகச் சொல்லி நிறுத்துங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் இரத்தம் காயவிடக் கூடாது. உடனே கழுவ முடியாவிட்டால் ஸ்டெரைல் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, மூடியுள்ள பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

படி 2: உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

தடித்த கையுறை, தண்ணீர் புகாத ஏப்ரன், முகமூடி, கண்ணாடி அல்லது முகக்கவசம். கியூரெட், ஒஸ்டியோடோம், கம்பிகள் எல்லாவற்றையும் முதலில் தனியாக எடுத்து வையுங்கள். கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள்.

படி 3: கழற்றுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் உள்ள தண்டவாளம் வெளியே தெரியாது. இரத்தமும் எலும்புத் தூளும் போய் அடைவதும் அங்கேதான். மேலால் பார்த்தால் கருவி கண்ணாடி போல மின்னும். கழற்றினால் உள்ளே பழுப்பு நிறக் கோடு கிடக்கும். நீராவி எவ்வளவு சூடாக இருந்தாலும் காய்ந்த இரத்தத்தின் அடியில் உள்ள கிருமியை அது அடையும் என்று சொல்ல முடியாது. சுத்தமில்லாத கருவியை ஸ்டெரைல் பண்ண முடியாது என்று சிஸ்டர்மார் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

புதிய கெரிசன்கள் பலவற்றில் ஒரு பொத்தானோ சின்ன நெம்போ இருக்கும். அதை அழுத்தி மேல்தண்டைத் தூக்கினால் கழன்று வரும். கொம்பனிக்குக் கொம்பனி முறை மாறும், அதனால் கருவியோடு வந்த கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பலத்தைப் பாவித்துத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று கெரிசன்களை ஒரே நேரத்தில் கழற்றினால் பாகங்களைத் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஒன்றின் மேல்தண்டு மற்றதற்குப் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் வெட்டு விளிம்பு சரியாகச் சந்திக்காது.

கழற்ற முடியாத பழைய வகையாக இருந்தால் பிடியை அழுத்தியும் விட்டும் தண்டுகளைப் பிரித்து, இடைவெளிக்குள் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். புதிதாக வாங்கும்போது கழற்றக்கூடிய வகையைக் கேட்கும்படி பொறுப்பாளரிடம் சொல்வது நல்லது.

படி 4: ஊறவைத்துத் தேயுங்கள்

முதலில் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் இரத்தப் புரதத்தை உறையவைத்து உலோகத்தோடு ஒட்டிவிடும். அதனால் 45 பாகை செல்சியசுக்கு மேல் போக வேண்டாம். பிறகு என்சைம் கலந்த, நடுநிலைக்கு அண்மித்த பிஎச் உள்ள கழுவு திரவத்தில், போத்தலில் எழுதிய அளவும் நேரமும் பார்த்து ஊறவையுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்று இல்லை. குளோரின் கரைசல் வேண்டவே வேண்டாம். சேலைன் செய்யும் அதே சேதத்தை அது இன்னும் வேகமாகச் செய்யும். கம்பித் தூரிகையும் தேய்ப்புத் தூளும் அப்படித்தான்.

மென்மையான நைலோன் தூரிகையால், கருவியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு தேயுங்கள். மேலே தூக்கித் தேய்த்தால் துளி தெறித்து உங்கள் முகத்துக்கு வரும். பாதத்தின் உட்பக்கம், தண்டவாளக் குழி, பிடியின் மூட்டு, ஸ்பிரிங்கின் அடி ஆகிய நான்கு இடங்களிலும் தூரிகை பட்டே ஆக வேண்டும். ஒலியலையால் அழுக்கை அகற்றும் அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் கையால் கழுவிய பிறகு அதில் போடலாம். கையால் தேய்ப்பதற்குப் பதிலாக அதை நினைக்காதீர்கள்.

படி 5: அலசி, காயவையுங்கள்

சவர்க்காரத் தன்மை முழுதும் போகும்வரை அலசி, கடைசி அலசலைக் கனிமம் நீக்கிய அல்லது வடித்த நீரில் செய்யுங்கள். நம் பக்கத்தில் இது முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஊர்களில் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும் இடங்கள் பல. குழாய் நீர் தடைப்படும் நாளில் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பினால், அந்த உப்பும் கருவியில் காய்ந்து படியும். நீராவியால் கிருமி நீக்கும் ஒட்டோகிளேவில் இருந்து வரும்போது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

நூல் உதிராத துணியால் துடைத்து, குழிகளுக்குள் சுத்தமான அழுத்தக் காற்றை விடுங்கள். மாரி காலத்தில் தானாகக் காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தால் காயாது. கடற்காற்றின் ஈரம் மூட்டுக்குள் நின்றுவிடும்.

படி 6: சோதியுங்கள்

நல்ல வெளிச்சத்தில், விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே பாருங்கள். பழுப்புக் கறை ஒன்று கண்டால் அது வெறும் கறையா துருவா என்று தெரிய வேண்டும். பென்சில் அழிறப்பரால் தேயுங்கள். கறை போய், கீழே உலோகம் வழுவழுப்பாக இருந்தால் கறைதான், திரும்பக் கழுவினால் போதும். கறைக்கு அடியில் பள்ளம் தெரிந்தால் அது அரிப்பு. அந்தக் கருவியை உடனே தனியே எடுங்கள். மற்றவற்றோடு ஒரே தட்டில் போடாதீர்கள்.

அடுத்து பாதத்தைப் பாருங்கள். வளைந்திருக்கிறதா, மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா? 1 மில்லிமீட்டர் கெரிசனின் பாதம் அவ்வளவு மெல்லியது. பருமனான எலும்பில் வைத்து நெம்பியிருந்தால் அது பலவீனப்பட்டிருக்கும். உள்ளே உடைந்து விழுந்தால் தேடி எடுப்பது பெரிய பாடு.

இனி அட்டைச் சோதனை. கருவியைப் பூட்டி, விசிட்டிங் கார்ட் தடிப்புள்ள அட்டையின் ஓரத்தைக் கடிக்க விடுங்கள். ஒரே அழுத்தில் துண்டு விழ வேண்டும். வெட்டின் விளிம்பு நேராக இருக்க வேண்டும். நார் தொங்கினாலோ, அட்டை மடிந்து நுனியில் சிக்கினாலோ, ஒரு மூலை மட்டும் வெட்டுப்படாமல் நின்றாலோ அது தீட்டுவதற்குப் போக வேண்டியது. கையை விட்டதும் மேல்தண்டு இடறாமல் பின்னே வருகிறதா என்றும் கவனியுங்கள். சோதித்த பிறகு நுனியில் காகிதத் துகள் நிற்கும், அதை ஈரத் துணியால் துடைத்தெடுக்க மறக்கக் கூடாது.

படி 7: எண்ணெய், தட்டு, ஒட்டோகிளேவ்

மூட்டுக்கும் தண்டவாளத்துக்கும் தண்ணீரில் கரையும் கருவி எண்ணெய் மட்டும் போடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போட்டால் நீராவி உள்ளே போகாது. தட்டில் வைக்கும்போது கையேடு கழற்றி வைக்கச் சொன்னால் கழற்றியே வையுங்கள். நுனிகளுக்கு நீராவி புகும் உறை போடுங்கள். கனமான லெக்செல் அடியில், கெரிசன் மேலே. எலும்புத் தட்டுகள் சீக்கிரம் பாரம் ஏறும். 25 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 11.3 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டல். அதற்கு மேல் போனால் பொதி ஈரமாகவே வெளியே வரும், தூக்குபவரின் முதுகும் போகும். ஈரமான பொதி ஸ்டெரைல் என்று கணக்கில் வராது.

சுழற்சியை இயந்திரத்துக்கும் கருவிக்கும் உரிய கையேட்டின்படி தெரிவு செய்யுங்கள். 134 பாகையில் குறைந்தது 3 நிமிடம், 121 பாகையில் 15 நிமிடம் என்று படித்திருப்பீர்கள். அந்த நிமிடங்கள் உள்ளே எல்லா இடமும் அந்த வெப்பத்தை எட்டிய பிறகு எண்ணப்படுபவை; கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. பொதியின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறினால், அந்தப் பொதி சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் தெரியும். கிருமி செத்ததா என்று அறிய, வெப்பத்தைத் தாங்கும் ஜியோபசிலஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் வைத்த உயிரியல் சோதனை தனியாக இருக்கிறது.

பழுதானதை என்ன செய்வது

சோதனையில் தவறிய கெரிசனை "அவசரத்துக்கு உதவும்" என்று தட்டில் திரும்ப வைக்காதீர்கள். அவசரத்தில்தான் அது கைக்கு வரும். கழுவி, ஒட்டோகிளேவ் செய்து, சிவப்புச் சீட்டுக் கட்டுங்கள். சீட்டில் அளவு, கோணம், என்ன பழுது, திகதி நான்கையும் எழுதுங்கள். "மழுங்கல்" என்று மட்டும் எழுதினால் திருத்துபவருக்கு விளங்காது. "2 மில்லிமீட்டர், 40 பாகை, இடது மூலை அட்டையை வெட்டவில்லை" என்று எழுதுங்கள், வெட்டிய அட்டைத் துண்டையும் சீட்டோடு கட்டிவிடுங்கள். தட்டுப் பட்டியலில் அந்த இடம் வெறுமை என்று குறித்து, அடுத்த ஷிப்டுக்கு வாயாலும் சொல்லுங்கள். சேர் தோலை வெட்டுவதற்கு முன்னரே அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.