பிரசவத்துக்கு மருத்துவமனை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபர் வார்டு செவிலியராகவே என் காலம் ஓடிவிட்டது. முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகள் இடம் பார்க்க வந்தால், சுற்றிக்காட்டும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அறையில் ஏசி உண்டா, கூடத் தங்குபவருக்குக் கட்டில் உண்டா, வைஃபை வருமா என்று கேட்பார்கள். தாராளமாகக் கேட்கட்டும். கேட்டே ஆக வேண்டியதைக் கேட்காமல் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. மாதாந்தர செக்கப்பைத் தவறவிடாதீர்கள், இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது

காலை பத்து மணிக்கு எந்த மருத்துவமனையும் நன்றாகத்தான் இருக்கும். மகப்பேறு மருத்துவர் இருப்பார், குழந்தை மருத்துவர் ரவுண்ட்ஸில் இருப்பார், மயக்க மருத்துவர் தியேட்டரில் இருப்பார். ஆனால் தானாக வலி வந்து நடக்கும் பிரசவங்கள் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான் அதிகம். அந்த நேரத்தில் இவர்களில் எத்தனை பேர் கட்டடத்துக்குள் இருப்பார்கள்? வாசல் போர்டில் '24 மணி நேர சேவை' என்று எழுதியிருக்கும். பல இடங்களில் அதற்கு அர்த்தம், ஒரு செவிலியரும் ஒரு போனும். மற்ற எல்லாரும் ஆன் கால், அதாவது போன் போட்டால்தான் வெளியிலிருந்து வருவார்கள்.

ஆன் கால் என்பதே தப்பு என்று சொல்லவில்லை. வருவதற்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி தலைக்கு முன்னால் நழுவி விழலாம். குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சு (பிளசென்டா) கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். இப்படி உடனடி ஆபத்து வந்தால், முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் அளவுகோல். மயக்க மருத்துவர் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும் இடத்தில், எவ்வளவு கைராசியான டாக்டர் இருந்தும் பயனில்லை.

ரத்தப்போக்கு அதைவிட மோசம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை சுருங்கி அந்தக் குழாய்களை இறுக்க வேண்டும். அதற்கு உதவத்தான் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். அதையும் மீறிச் சில பேருக்குச் சுருங்காது. இவருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கும் இது வரும்.

ஒரு பெண், இரண்டாவது பிரசவம், கர்ப்பகாலம் முழுக்க ஒரு சிக்கலும் கிடையாது. சின்ன மருத்துவமனை ஒன்றில் நடுராத்திரி சுகப்பிரசவம். பிறகு ரத்தம் நிற்கவில்லை. அங்கே ஒரு பை ரத்தம்கூட இருப்பில் இல்லை. சாம்பிளைக் கையில் கொடுத்துக் கணவரை ரத்த வங்கிக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனவரை, படிவத்தில் டாக்டர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்து சேரும்போது அந்தப் பெண்ணுக்கு நாடித்துடிப்பே சரியாகப் பிடிபடவில்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. "அங்க ரத்தம் இருக்காதுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே சிஸ்டர்" என்றார் கணவர். சொல்ல மாட்டார்கள்தான். சொல்லாதவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆவது ஒன்றுமில்லை. நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

எப்படிக் கேட்பது? 'எல்லா வசதியும் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர சிசேரியன் என்றால் எத்தனை நிமிடத்தில் ஆரம்பிப்பீர்கள்? மயக்க மருத்துவர் உள்ளேயே தங்குவாரா, வீட்டிலிருந்து வருவாரா? என் ரத்த வகை இங்கே இருப்பில் இருக்குமா, இல்லையென்றால் வாங்கிவர யார் போவார்கள்? குழந்தை அழவில்லை என்றால் மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆள் யார்? உங்களால் முடியாது என்றால் எங்கே அனுப்புவீர்கள், எந்த வண்டியில், கூட யார் வருவார்கள்? ரிசப்ஷனில் கேட்காதீர்கள், நைட் டியூட்டி பார்க்கும் செவிலியரிடம் கேளுங்கள். நிமிடக் கணக்கோடு பதில் வந்தால் நல்ல அடையாளம். 'அதெல்லாம் எதற்குக் கவலைப்படுகிறீர்கள்' என்று சிரித்து மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

டாக்டரின் பெயரை மட்டும் நம்புவது

உங்களுக்கு வலி வரும் நாளில் அவர் வெளியூர் போயிருந்தால் யார் வருவார்? அந்த மாற்று டாக்டரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

சிசேரியன் சதவீதத்தை மட்டும் வைத்து எடைபோடுவது

இது படித்தவர்கள் செய்யும் தவறு. சிக்கலான கேஸ்களை எல்லாரும் அனுப்பிவைக்கும் பெரிய மருத்துவமனையில் சிசேரியன் அதிகமாகத்தான் இருக்கும். சிக்கல் வந்தால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடும் சின்ன இடத்தில் குறைவாகத் தெரியும். ஒப்பிடுவதானால் ஒரே மாதிரியானவர்களை ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த ராப்சன் வகைப்பாடு இதற்குத்தான். அதன் முதல் பிரிவில் வருபவர்கள்: முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்து தானாக வலி வந்தவர்கள். 'இவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது' என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கும் மருத்துவமனை சொல்லிவிடும்.

ஏற்கெனவே சிசேரியன் ஆகி, இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்பவர்களில் நாலில் சுமார் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் பிரியும் வாய்ப்பு ஏறத்தாழ 200க்கு ஒன்று. குறைவுதான், ஆனால் பிரிந்தால் நிமிடங்களில் தியேட்டருக்குப் போயாக வேண்டும். அதனால் மேலே சொன்ன ராத்திரிக் கேள்விகள் இவர்களுக்கு இரண்டு மடங்கு முக்கியம்.

'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று வீட்டில் திட்டமிடுவது

இங்கிலாந்தில் பெரிய அளவில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப் கூடவே இருக்க, ஆபத்து குறைவு என்று தேறியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அப்படியும் வீட்டில் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேரைப் பிரசவத்தின்போதோ முடிந்த கையோடோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனையில் திட்டமிட்டவர்களைவிட அவர்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பும் கொஞ்சம் கூடுதல். முன்பே பெற்றவர்களில் மாற்றப்பட்டவர்கள் 12 சதவீதம், குழந்தைக்குக் கூடுதல் பாதிப்பும் தெரியவில்லை. மிட்வைஃபும் வண்டியும் தயாராக இருந்த இடத்துக் கணக்கு இது. வீடியோ பார்த்துவிட்டு யாரும் இல்லாமல் பெறுவதற்கு இந்தக் கணக்கை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

முதலில் எடுத்த முடிவைப் பிடித்துக்கொண்டிருப்பது

எட்டாவது வாரத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த இடம், முப்பதாவது வாரத்தில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 20 வார ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மேலே ஏறிவிடும். 32 வார வாக்கில் திரும்பப் பார்க்கும்போதும் அது கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், ரத்தம் இருப்பில் உள்ள பெரிய இடத்துக்கு மாறுங்கள். பிபி ஏறினாலும், இரட்டை என்றாலும் மறுபடி யோசியுங்கள். குறைமாதத்தில் பிறக்கும் போலிருந்தால், நல்ல என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள இடத்துக்குக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விடுவது, பிறந்தபின் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஃபைல் இல்லாமல் மாறுவது

ரத்த வகை, ஸ்கேன், பிபி குறிப்பு. இதெல்லாம் தெரியாத ஒருவருக்கு அவசரத்தில் வைத்தியம் பார்ப்பது எங்களுக்கும் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான்.

பிரசவ அறைக்குள் யார் வரலாம் என்று கேட்காமல் விடுவது

பெண் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எல்லா இடத்திலும் விடுவதில்லை. வலியோடு வந்து நிற்கும்போது வாசலில் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கணவரா, அம்மாவா, அக்காவா, இரவில் அட்மிஷன் ஆனாலும் விடுவார்களா என்பதை முதல் தடவை போகும்போதே கேட்டுவிடுங்கள்.